கறக்காத எருமைகளின் பேச்சியக்கா

செய்தி வந்தபோது என் இடது கை, முழங்கைக்கு மேல் வரை, ஒரு பசுவுக்குள் இருந்தது. களமசேரியில் ஒரு வீட்டுத் தொழுவம். சினை பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்குள் கிடந்த கைபேசி விடாமல் அடித்தது. வீட்டுக்காரப் பெண்தான் அதை எடுத்து என் காதில் வைத்துப் பிடித்தார். மறுமுனையில் மட்டாஞ்சேரி இறைச்சிக்கடை ஹம்ஸா.

“விசாலம் சேச்சி, நம்மட பேச்சியேச்சி போயி,” என்றார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தமிழில் மறுபடியும் சொன்னார். “மரிச்சுப் போச்சு சேச்சி. காலையில சாயா குடிச்சிட்டு உக்காந்தவங்க, பின்னே எழுந்திருக்கல.”

கையை வெளியே எடுக்கத் தோன்றவில்லை. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. விரல்களுக்குக் கீழே நான்கு மாதக் கரு ஒன்று மெல்ல அசைந்து விலகியது. வீட்டுக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, “சினை இல்லையா?” என்று கேட்டார். “இருக்கு,” என்றேன். பேச்சியக்கா இறந்த செய்தியைக் கேட்ட பிறகு நான் பேசிய முதல் சொல் அது.

மட்டாஞ்சேரியில் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சந்தைத் தெருவைக் கூட்டிய பேச்சியம்மாளாகப் பலருக்கும் அவரைத் தெரியும். நகரசபையின் நீலச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, காலில் ரப்பர் பூட்சோடு, விடியும் முன்பே அரிசிக்கடைகளின் வாசலில் நின்றவர். மதியத்துக்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பது சிலருக்குத்தான் தெரியும். அந்தச் சிலரில் கால்நடை ஆய்வாளரான நானும் ஒருத்தி.

தொண்ணூறுகளின் நடுவில் மட்டாஞ்சேரித் துணை மையத்துக்கு எனக்கு மாற்றல் வந்தது. எர்ணாகுளத்தில் ஹோட்டல் தொழிலாளியாக இருந்த ஒரு தமிழரின் மகள் நான். பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழை வீட்டில் பேசியும் வாரப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டியும் கற்றவள். கோமாரித் தடுப்பூசி போடுவதற்காகத் தெருத்தெருவாகப் போனபோது, காயலோரத்தில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் பின்முற்றத்தில் பதினோரு எருமைகள் நிற்பதைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கன்று. எந்தக் கன்றும் கட்டப்படவில்லை.

“எத்தனை லிட்டர் கிடைக்கும்?” என்று பதிவேட்டைத் திறந்தபடி கேட்டேன்.

“ஒரு சொட்டு கிடையாது,” என்றார் அங்கே நின்ற பேச்சியக்கா.

“கறவை வத்திடுச்சா?”

“வத்தலை. நான் கறக்கல. அததோட பாலு அததோட பிள்ளைக்கு.”

படிவத்தில் பால் அளவுக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாலுக்காக அல்லாமல் ஓர் எருமையை யாரும் வளர்ப்பார்கள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. பூஜ்யம் என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, “பூஜ்யம் இல்லம்மா. குடிக்கிறதுக்கு ஆளு வேற, அவ்வளவுதான்,” என்றார்.

காரணத்தை அவர் அன்றே சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஒரு டம்ளர் சாயாவைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். அந்த நாட்களில் நகரத்துப் பால்பண்ணைகளில் எருமை ஆண் கன்று போட்டால் அதற்குப் பால் விட மாட்டார்கள். தாய் சுரப்பதற்காக ஒரு நிமிடம் மடியில் விட்டுவிட்டு இழுத்துக் கட்டுவார்கள். பத்து நாளில், பதினைந்து நாளில் அது விழுந்துவிடும். விழுந்ததைத் தெருமுனையில் கொண்டு போடுவார்கள். அதை வண்டியில் எடுத்துப் போடுவது பேச்சியக்காவின் வேலை.

“தூக்கும்போது கனமே இருக்காது, விசாலம். ஈரத்துணி மாதிரி இருக்கும். ஒண்ணை அப்படித் தூக்கினேன். உசிரு இருந்துச்சு. என் விரலைச் சப்புச்சு.”

அந்தக் கன்று பிழைக்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே, பால் குறைந்துவிட்டதென்று பண்ணையில் கழித்துக்கட்டிய ஓர் எருமையை வாங்கிக் கிட்டங்கி முற்றத்தில் கட்டினார். அது போட்ட கன்றுக்கு முழுப்பாலும் விட்டார். இரண்டு வருடம் வளர்த்து, ஹம்ஸாவின் கடைக்கு விற்றார். அப்படித் தொடங்கியதுதான் அந்த மந்தை.

நான் கேட்கத்தான் செய்தேன். “கடைசியில வெட்டத்தானே போகுது அக்கா?”

“போகுது. சாகிறது ஒரு நாள். வாழறது ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷமும் பட்டினியா கிடக்கணும்னு சட்டமா?”

பின்னர் இதைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அவர் மந்தையை நடத்திய முறை என்னை முதலில் குழப்பியது. எருமைக்கடா மந்தையோடு இல்லை. தோப்பும்படியில் ஒரு படகுப் பட்டறையின் பின்னால் தனியாகக் கட்டிக் கிடந்தது. வருடத்தில் ஒன்பதே வாரம், ஐப்பசியில் தொடங்கி மார்கழி முதல் வாரம் வரை, அதை ஓட்டி வந்து எருமைகளோடு விடுவார். பிறகு திரும்பவும் பட்டறைக்கு. எந்த எருமை எந்த மாதம் பருவத்துக்கு வந்து கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

“ஏன் இப்படி? வந்த நேரத்துல சேர்த்தா நாளு மிச்சம் ஆகுமே,” என்றேன்.

அவர் முற்றத்தின் மூலையைக் காட்டினார். அங்கே சுவரோரம் மண் கொஞ்சம் மேடாக இருந்தது. ஓர் ஆடி மாதத்தில் பிறந்த நான்கு கன்றுகளை அங்கே புதைத்திருக்கிறார். தரை காயாத மழை, தாய்க்குத் தின்ன நனைந்த வைக்கோல், கன்றுக்குக் கழிச்சல். மூன்று வாரத்தில் நான்கும் போயின. நான்காவதைப் புதைத்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து விரல்களை மடக்கி எண்ணியிருக்கிறார். எருமைக்குச் சினை பத்து மாதமும் சில நாளும். ஐப்பசியில் சேர்த்தால் ஆவணியில் பிறக்கும். மழை ஓய்ந்து புல் தளதளவென்று நிற்கும். தாய்க்குப் பால் பொங்கும். கன்று ஒன்பது மாதம் குடித்து, வைகாசியில் பால் மறக்கும். அடுத்த மழை வரும்போது தாய் மடி வற்றி, வயிற்றில் சினையோடு நிற்கும். பால் கொடுக்காத எருமைக்கு அரை வயிற்றுத் தீவனம் போதும்.

“கர்க்கடகத்துல, அதான் ஆடியில, எதுவும் பிறக்கக் கூடாது. அதுக்கு ஐப்பசியிலயே கதவைத் திறக்கணும், மார்கழியில மூடணும். மதி, போதும். வேற ஒண்ணுமில்ல,” என்றார்.

குளிர்நாடுகளில் பனிக்காலத்தை மனதில் வைத்து மாட்டுக்காரர்கள் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். பனியே பார்க்காத மட்டாஞ்சேரியில், நான்கு கன்றுகளைப் புதைத்த இடத்தில் உட்கார்ந்து, ஒரு பெண் அதையே தன் விரல்களால் கண்டுபிடித்திருந்தார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

எல்லா வருடமும் எல்லா எருமையும் சினை பிடித்துவிடாது. கன்று எப்போதும் மடியிலேயே கிடந்தால் தாய் பருவத்துக்கு வரத் தாமதமாகும். அதையும் அவர் கவனித்திருந்தார். கடா வருவதற்குப் பத்து நாள் முன்பிருந்து கன்றுகளை மூங்கில் தடுப்புக்கு அப்பால் வைத்து, காலையும் மாலையும் மட்டும் குடிக்க விடுவார். அந்தப் பத்து நாளும் முற்றம் முழுக்க ஒரே கத்தலாக இருக்கும். கிட்டங்கிக் கணக்குப்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு திட்டுவார்கள். அக்கா சிரிப்பார்.

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் பொய்யாகிவிடும்.

நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்தது போல ஒரு கிடேரி அவரிடம் இருந்தது. சுட்டி என்று கூப்பிடுவார். கிடேரிகளைக் கடாவோடு விடலாமா என்று பார்க்க அவரிடம் ஒரு கயிறு உண்டு. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிப் பிடிப்பார். கயிற்றில் ஒரு முடிச்சு இருக்கும். முடிச்சு எட்டாத அளவுக்கு மார்பு பெருத்தால்தான் கிடேரி தயார். சுட்டிக்கு நான்கு விரல் மிச்சம் இருந்தது.

நான்தான் வற்புறுத்தினேன். வயது ஆகிவிட்டது, இன்னும் ஒரு வருடம் காத்திருப்பது வீண் என்றேன். என் பெட்டியில் வடக்கத்திப் பெரிய இனத்தின் உறைவிந்து இருந்தது. அதைப் போட்டால் கன்று இரண்டு மடங்கு வேகமாக வளரும் என்றேன். அவர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ படிச்சவ,” என்றார். ஊசியைப் போட்டேன்.

பத்து மாதம் கழித்து ஒரு மதியம் ஆள் வந்தது. ஓடினேன். சுட்டி தரையில் கிடந்தது. கன்றின் முன்னங்குளம்புகள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒவ்வொன்றும் என் மணிக்கட்டை விடத் தடிமன். மருத்துவர் வேறு ஊரில் இருந்தார். நானும் அக்காவும் ஹம்ஸாவும் கயிறு கட்டி, சுட்டி முக்கும்போதெல்லாம் இழுத்தோம். இரண்டு மணி நேரம். கன்று உயிரோடு வந்தது. சுட்டிக்கு உள்ளே கிழிந்துவிட்டது. இரத்தத்தை நிறுத்த என்னால் முடியவில்லை. பொழுது சாயும் முன் அது போய்விட்டது.

நான் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். அக்கா என்னைத் தேற்றவும் இல்லை, ஏசவும் இல்லை. கன்றைத் துடைத்து, வேறோர் எருமையிடம் முதல் தடவையாகப் பீய்ச்சிய சீம்பாலைப் புட்டியில் ஊற்றி அதன் வாயில் வைத்தார். நான் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டேன். இனி அந்த முற்றத்துக்குப் போவதில்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஹம்ஸா வந்து மையத்தின் வாசலில் நின்றார். “சேச்சியைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. கை வேணுமாம்.”

போனபோது ராசாத்தி என்ற பெரிய எருமைக்குப் பிரசவ நேரம். அக்கா சுட்டியின் கன்றைக் கோணியால் மூடிப் பக்கத்தில் பிடித்து வைத்திருந்தார். ராசாத்தியின் பனிக்குடம் உடைந்ததும் அந்த நீரை இரண்டு கைகளாலும் ஏந்தி, அநாதைக் கன்றின் தலையிலும் முதுகிலும் பூசினார். “நீயும் பூசு. வாலடியை விட்டுடாதே,” என்றார். பூசினேன். ராசாத்தியின் சொந்தக் கன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டையும் அதன் முகத்துக்கு முன்னால் சேர்த்துப் போட்டார்.

ராசாத்தி முதலில் தன் கன்றை நக்கியது. பிறகு மற்றதை மோந்தது. நிறுத்தியது. மறுபடியும் மோந்தது. அது நாக்கை நீட்டி, அநாதைக் கன்றின் காதிலிருந்து தொடங்கி நக்க ஆரம்பித்தது.

“பெரிய எருமை. ரெண்டுக்கும் பாலு உண்டு,” என்றார் அக்கா. பிறகு, என்னைப் பார்க்காமலே, “ஆசை ரெண்டு பேருக்கும்தான் இருந்துச்சு விசாலம். நீ மட்டும் சுமக்க வேண்டாம். ஆனா ஒண்ணு, வாசலைப் பார்த்துத்தான் விருந்தாளியைக் கூப்பிடணும்,” என்றார்.

அந்த வாக்கியத்தைப் பிறகு எத்தனையோ மாட்டுக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அது யாருடையது என்றும் சொல்லியிருக்கிறேன்.

மழைக்காலத் தீவனத்தில் ஒரு நல்ல காரியத்தை நான் கொண்டு வந்தேன் என்று நினைத்தேன். அதையும் அவர்தான் செய்து முடித்தார். மழை ஓய்ந்ததும் காயலோரத்தில் தண்ணீர்ப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கும். அதை அறுத்து, காற்றுப் புகாமல் குழியில் அமுக்கி மூடினால் அடுத்த ஆடியிலும் கெடாமல் இருக்கும் என்றேன். அக்கா அன்றைக்கே மண்வெட்டியை எடுத்தார். இரண்டடி தோண்டியதும் தண்ணீர் ஊறி நின்றது. காயலோரத்து மண் வேறெப்படி இருக்கும்?

“இது குழி இல்ல, கிணறு,” என்றார். “அந்தப் புல்லுக்கு என்ன பேரு சொன்னே?”

“ஊறுகாய்ப் புல்.”

“ஊறுகாயை எதுல போடுவாங்க? குழியிலயா?”

மறுவாரம் எண்ணெய்க் கடைகளிலிருந்து காலி பிளாஸ்டிக் பீப்பாய்களை வாங்கிக் கழுவி வெயிலில் கவிழ்த்தியிருந்தார். புல்லைப் பொடிப்பொடியாக வெட்டி, வெல்லத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு பீப்பாய்க்குள்ளும் தானே இறங்கி மிதித்தார். இடுப்பளவு புல்லுக்குள் நின்று மிதிக்க மிதிக்க, அவர் தலை மெல்ல மேலே வந்தது. நிறைந்ததும் மூடியைப் போட்டு இறுக்கி, மேலே கல்லை வைத்தார். பதினான்கு பீப்பாய்.

அடுத்த ஆடியில் லாரிகள் ஓடவில்லை. வேலைநிறுத்தம். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வைக்கோல் வரவில்லை. மழை ஒரு வாரம் விடாமல் பெய்தது. மேய்ச்சல் இடமெல்லாம் தண்ணீர். எர்ணாகுளம் பிராட்வே சந்தையில் முட்டைக்கோஸ் இலைக்குக்கூட அடிதடி. பலரும் மாடுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். நான் குடையோடு அக்காவின் முற்றத்துக்குப் போனேன்.

அவர் பீப்பாய் ஒன்றைத் திறந்திருந்தார். புளித்த மாங்காய் வாசனை முற்றம் முழுக்க. எருமைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. ஆனால் அவர் அள்ளிப் போடவில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் கையை வைத்து, முதுகெலும்பிலிருந்து விலாவுக்கும், அங்கிருந்து வாலடிக்கும் கண்ணை மூடித் தடவிக்கொண்டே போனார். “நீ இந்தப் பக்கம். நீ அந்தப் பக்கம்.” மந்தை இரண்டாகப் பிரிந்தது. விலா கையில் தட்டியவையும் கிடேரிகளும் ஒரு பக்கம், சதை பிடித்தவை மறுபக்கம். மெலிந்தவற்றுக்குப் பீப்பாய்ப் புல்லும் தவிடும். கொழுத்தவற்றுக்கு வாழைத்தண்டும் பலாச்சக்கை மடலும், மீதமிருந்த பழைய வைக்கோலும்.

“பாவமா இல்லையா? அதுங்களும் பார்த்துட்டு நிக்குதே,” என்றேன்.

“அதுங்களுக்கு முதுகுலயே சாப்பாடு இருக்கு. ஆவணியிலேருந்து தின்னதெல்லாம் எங்க போச்சு? அங்கதான் இருக்கு. மெலிஞ்சதுக்குத்தான் இப்ப கையில கொடுக்கணும்.”

அந்த ஆடியில் அவர் ஒன்றையும் இழக்கவில்லை. ஒன்றையும் விற்கவும் இல்லை. ஆவணியில் எட்டுக் கன்று பிறந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மட்டாஞ்சேரி மாறத் தொடங்கியது. கிட்டங்கிகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. வெளிநாட்டுப் பயணிகள் தங்குவதற்கு விடுதி கட்டப் போகிறோம், பதினைந்து நாளில் முற்றத்தைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு புரட்டாசியில் ஆட்கள் வந்து சொல்லிப் போனார்கள். ஒன்பது எருமைகள், காலடியில் எட்டுக் கன்றுகள். கடைசிக் கன்றுக்கு வயது பத்து நாள். ராசாத்திக்கு மட்டும் அந்த வருடம் கன்று இல்லை.

ஹம்ஸா நல்ல மனிதர். “பேச்சியேச்சி, எல்லாத்தையும் நான் எடுத்துக்கறேன். வேற வழியில்லா,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான்கு நாள் கழித்து அக்கா, தோப்பும்படிக்குத் தெற்கே காயலுக்கு நடுவில் ஒரு சிறு துருத்தில், தீவில், மேய்ச்சலுக்கு இடம் பேசிவிட்டு வந்தார். புல் நிறைய உண்டு. ஆனால் பாலம் இல்லை. அங்கே போகும் சின்ன வள்ளங்களில் வளர்ந்த எருமையை ஏற்ற முடியாது.

“எப்படிக் கொண்டு போவீங்க?”

“எருமைக்கு நீந்தத் தெரியாதா?”

“தெரியும். ஆனா எங்க நீந்தணும்னு தெரியுமா அக்கா? நடுவுல ஒழுக்கு இருக்கு, இழுத்துட்டுப் போயிடும். ஒண்ணு திரும்பினா எல்லாம் திரும்பும்.”

“பார்க்கலாம்,” என்றார்.

குறித்த நாள் விடியலில் மந்தையைத் தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போனோம். தோப்பும்படி துறைமுகத்தில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலக்காரர்கள் கத்துவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பட்டறையிலிருந்து கடாவையும் அவிழ்த்துக்கொண்டோம். படகுத்துறையில் ஹம்ஸாவின் மைத்துனர் இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். கடல் ஏற்றம் நின்று இறக்கம் தொடங்குவதற்கு இடையில் காயல் சிறிது நேரம் அசையாமல் நிற்கும். அக்கா ஒரு வாழைமட்டையைத் தண்ணீரில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மட்டை நின்றது.

“கன்னுங்களை ஏத்து,” என்றார்.

எட்டுக் கன்றுகளையும் தூக்கி வள்ளத்தில் வைத்தோம். அக்கா நடுவில் உட்கார்ந்து இரண்டைக் கையிடுக்கில் பிடித்துக்கொண்டார். நான் பின்னால். வள்ளம் கரையை விட்டது. கன்றுகள் கத்தின.

கரையில் எருமைகள் ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு முதல் எருமை தண்ணீரில் இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது. கறவை மாடாக இருந்தால் கன்றைப் பிரிந்து பழகியிருக்கும், நின்றிருக்கும். இவை ஒரு நாளும் தங்கள் கன்றைப் பாலுக்காக யாருக்கும் விட்டுக்கொடுத்தவை அல்ல. எட்டுத் தாய்களும் மூக்கை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு எங்கள் வள்ளத்தின் பின்னால் வந்தன. கறுப்பு முதுகுகள் காலை வெயிலில் மின்னின. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சத்தம் போட்டால் எல்லாம் கலைந்துவிடும் போல இருந்தது.

பாதி தூரத்தில் ராசாத்தி நின்றது. கூட்டத்தோடு இறங்கிவிட்டதே தவிர, அதைக் கூப்பிட வள்ளத்தில் ஒன்றும் இல்லை. தலையைத் திருப்பியது. ஒழுக்கு இருந்த பக்கம் மெல்ல நகரத் தொடங்கியது. அதன் பின்னால் வந்த இளம் எருமை ஒன்று தயங்கியது. ஹம்ஸாவின் மைத்துனர் துடுப்பை நிறுத்திவிட்டு, “போயி, அது போயி!” என்று தலையில் கை வைத்தார்.

அக்கா எழுந்து நின்றார். வள்ளம் ஆடியது. கையிடுக்கிலிருந்த அந்தக் கடைசிக் கன்றைத் தூக்கி, ராசாத்தியின் பக்கம் அதன் முகத்தைக் காட்டி, விலாவில் ஒரு கிள்ளு கிள்ளினார். கன்று வீறிட்டது. “ராசாத்தி!” என்று அவரும் கத்தினார். “பிள்ளை அழுதுடீ! பாரு, பிள்ளை அழுது!”

அது ராசாத்தியின் கன்று அல்ல. ஆனாலும் ராசாத்தி திரும்பியது. காதுகளை முன்னால் நீட்டி, ஒரு தடவை உறுமி, நேராக எங்களை நோக்கி வந்தது. வந்து வள்ளத்தின் விளிம்பில் மூக்கை வைத்து, அந்தக் கன்றின் காலை நக்கியபடியே மீதித் தூரம் முழுக்க நீந்தியது. அக்கா அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. உதடுகள் மட்டும் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தன.

துருத்துக் கரையில் தாய்கள் சேற்றோடு ஏறித் தங்கள் கன்றுகளைத் தேடி மோந்தபோதுதான் கடாவின் நினைவு வந்தது. அதைத் தனியாக இழுத்து வரலாம் என்று அக்கரையில் ஹம்ஸாவிடம் விட்டிருந்தோம். பெண்கள் எல்லாம் போய்விட்டதைப் பார்த்து அது கயிற்றை அறுத்துக்கொண்டு காயலில் பாய்ந்து, மூச்சிரைக்க வந்து கரையேறியது.

“உனக்கு இன்னும் இருபது நாள் இருக்குடா! யாரு உன்னைக் கூப்பிட்டா?” என்று அக்கா அதன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். அப்போதுதான் நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு ஐந்தாறு வருடம் அவர் தினமும் வள்ளத்தில் துருத்துக்குப் போய்வந்தார். நகரசபை வேலையிலிருந்து ஓய்வும் பெற்றார். நான் களமசேரிக்கு மாற்றலாகிவிட்டாலும் ஐப்பசி ஒன்றாம் தேதி போய்விடுவேன். ஒவ்வொரு கடாவையும் அதன் மகள்கள் பருவத்துக்கு வரும் முன்பே மாற்றிவிடுவார். வேறு வட்டாரத்தில் தேடிப் பிடிப்பதற்குத் துணையாக நானும் போயிருக்கிறேன். கடாவைப் பார்ப்பதற்கு முன் அதன் தாயைக் காட்டச் சொல்லுவார். தாய் செத்துவிட்டது என்றால் திரும்பிவிடுவார்.

விற்கும் நாள் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஹம்ஸாவின் கடைக்குப் போகும் உருப்படியை அவர் யாரிடமும் கொடுத்து அனுப்ப மாட்டார். தானே தண்ணீர் காட்டி, தானே கயிறு பிடித்து நடத்திக்கொண்டு போவார். ஒரு முறை நானும் கூட நடந்தேன். அது சுட்டியின் பேரன். ராசாத்தி வளர்த்த அநாதைக் கிடேரியின் முதல் ஆண் கன்று. கனத்த, பளபளக்கும் இளங்கடா. கொட்டகை வாசலில் நான் நின்றுவிட்டேன். அக்கா உள்ளே போனார். அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு, அது முடியும் வரை நின்றார். வெளியே வந்து குழாயடியில் கைகால் கழுவினார்.

“நீங்க நிக்கணும்னு என்ன அக்கா? ஹம்ஸா பார்த்துக்குவாரே.”

“அது பிறந்தப்ப நான் நின்னேன். இதுக்கு மட்டும் என்னத்துக்கு முதுகைக் காட்டணும்?” என்றார். பிறகு, “வா, சாயா குடிப்போம்,” என்று நடந்தார்.

அவர் இறந்தது ஒரு புரட்டாசியில். மூன்றாம் நாள் அவர் மகள் மாரியோடு துருத்துக்குப் போனேன். மாரி பிராட்வேயில் துணிக்கடையில் வேலை செய்கிறவள். எருமைகளின் மீது அவளுக்குப் பெரிய பிரியம் கிடையாது. அங்கே இரண்டு எருமைகள் அக்கா இல்லாமலே கன்று போட்டிருந்தன. மாரி நெடுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் வச்சுக்க என்னால ஆகாது. கன்னு குடிக்கிறதுங்களை மட்டும் வைகாசி வரைக்கும் பார்க்கறேன். அம்மா அப்படித்தான் செய்யச் சொல்லுவாங்க, இல்லையா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

எங்கள் வேலையில் தோல்விகள் உண்டு. ஊசி பிடிக்காது, கன்று சாகும், மாடு எழுந்திருக்காது. அப்படி நடந்த வீட்டின் பக்கம் சில மாதம் தலைகாட்டாமல் இருப்பது எங்களில் பலருக்கும் வழக்கம். எனக்கும் இருந்தது. இப்போது நான் மறுநாள் காலையில் போகிறேன். போன வாரம் ஒரு வீட்டில் என் கையாலேயே எடுத்த கன்று செத்துப் பிறந்தது. அடுத்த நாள் போனபோது அந்த அம்மாள் என்னோடு பேசவில்லை. நான் தாயின் மடியைப் பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன், வாளியில் தண்ணீர் மாற்றி வைத்தேன். திட்டுவதென்றால் திட்டட்டும் என்று கொஞ்ச நேரம் தொழுவத்திலேயே நின்றேன். பேச்சியக்காவிடமிருந்து எனக்கு வந்தது இது ஒன்றுதான். நிற்கிறேன்.